மயிலுக்குக் குளிருமா? பிள்ளைகளும் விலங்குகளும்: கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்கு நலம் பற்றி வகுப்பு எடுத்து வருகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்): "எல்லா உயிர்களிடமும் அன்பு காட்ட வேண்டும்" என்று பிள்ளைகள் அழகாக ஒப்பிக்கிறார்கள். மணி அடித்ததும் வெளியே போய் ஓணானைக் கல்லால் அடிக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: அந்த ஓணானிலேயே தொடங்குங்கள். அது ரத்தம் குடிக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ராமர் தண்ணீர் கேட்டபோது மூத்திரம் கொடுத்தது என்ற கதையும் பல ஊர்களில் உண்டு. அடிப்பவனுக்குத் தான் ஒரு கெட்டதைத் தண்டிப்பதாகத்தான் எண்ணம். "அடிக்காதே" என்று மட்டும் சொன்னால் அந்த எண்ணம் மாறாது.

வகுப்பை வேலியோரம் கூட்டிப்போய், சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். எதைத் தின்கிறது? எப்போது தலையை ஆட்டுகிறது? இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும். பெண்ணை ஈர்க்கவும் மற்ற ஆண்களிடம் "இது என் இடம்" என்று காட்டவும்தான் அந்த நிறமும் தலையாட்டலும். அது தின்பது பெரும்பாலும் பூச்சிகளை. இதைத் தானே பார்த்துத் தெரிந்துகொண்ட பிள்ளை கல்லை எடுக்க யோசிக்கும்.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதையையும் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "மயிலுக்கு உண்மையிலேயே குளிருமா?" என்று கேளுங்கள். தோகை விரித்து ஆடுவது துணையைக் கவர என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். பேகனின் மனசு பெரிய மனசுதான். ஆனால் அந்த மயிலுக்கு என்ன தேவை என்று பார்க்கவும் வேண்டும் இல்லையா? என் வகுப்புகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கேள்வி (ஒரு அம்மா): என் மகனுக்கு நாலு வயசு. பூனை வாலைப் பிடித்து இழுக்கிறான். பின்னாளில் கொடூரமானவனாக வளர்வானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. பூனைக்கு வலிக்கும் என்பது அந்த வயதில் பல பிள்ளைகளுக்குச் சரியாகப் புரியாது. அவன் கையைப் பிடித்து, முதுகில் மெதுவாகத் தடவக் காட்டிக் கொடுங்கள். காது பின்னால் மடங்கினால், வால் படபடவென்று ஆடினால் "அதுக்குப் பிடிக்கல, விட்டுடு" என்று சொல்லுங்கள். அப்புறம், சின்னப் பிள்ளையையும் பூனையையும் தனியாக விடாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். பத்து, பதினொரு வயதுப் பிள்ளை, வலிக்கும் என்று தெரிந்தே, மறைவாக, மறுபடி மறுபடி ஒரு பிராணியைத் துன்புறுத்தினால் அதைக் குறும்பு என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பிள்ளையை யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று முதலில் பாருங்கள். தான் வாங்கிய அடியைத் தன்னைவிடச் சின்ன உயிரிடம் இறக்கிவைக்கும் பிள்ளைகள் உண்டு. அவனை அடித்துத் திருத்தப் பார்த்தால் நிலைமை மோசமாகும். குழந்தை மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள். வீட்டிலேயே கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

கேள்வி (ஒரு அப்பா): தெருநாய்க்குப் பயந்து என் மகள் பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள். அவளிடம் இரக்கத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் அவள் பாதுகாப்பைப் பற்றிப் பேசுங்கள். அவள் பயம் நியாயமானது. தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது. நாய் நெருங்கினால் ஓடாமல், கண்ணை முறைக்காமல், கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டுகொண்டு கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். இதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள்.

கடித்தாலோ கீறினாலோ உடனே சொல்ல வேண்டும், சொன்னால் திட்ட மாட்டோம் என்று அவளுக்கு உறுதி கொடுங்கள். திட்டுக்குப் பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

பயம் கொஞ்சம் தணிந்ததும், காதில் சின்ன வெட்டு உள்ள நாய்களைத் தூரத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள். அது கருத்தடை செய்ததற்கான அடையாளம். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது என்பதையும் சொல்லலாம். கருத்தடையும் தடுப்பூசியும் நாய்க்கும் நல்லது, அவளுக்கும் நல்லது என்று புரிந்துகொள்வாள்.

கேள்வி (ஒரு அம்மா): "கோழி மேல அன்பா இருக்கணும்னு சொல்றீங்க, ஞாயித்துக்கிழமை குழம்பும் வைக்கிறீங்களே" என்று மகள் கேட்டுவிட்டாள். என்ன சொல்ல?

பதில்: நேர்மையான கேள்வி. மழுப்பாதீர்கள். விலங்கு நலம் பேசுவோர், பயன்படுத்தினாலும் பசி, வலி, பயம் இல்லாமலும் இயல்பாக நடமாடவும் விட வேண்டும் என்கிறார்கள். விலங்கு உரிமை பேசுவோர், பயன்படுத்தவே நமக்கு உரிமை இல்லை என்கிறார்கள். இரண்டையும் சொல்லி, உங்கள் வீடு எந்தப் பக்கம், ஏன் என்றும் சொல்லுங்கள். பல பண்ணைகளில் முட்டைக்கோழிக்கு ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். அவள் கறி வேண்டாம் என்று முடிவெடுத்தால் கேலி செய்யாதீர்கள். பருப்பும் சுண்டலும் கூடுதலாகக் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாப்பாட்டை வைத்துச் சாதி பார்க்கும் ஊர் இது. "கறி சாப்பிடுபவர்கள் கை தூக்குங்கள்" என்று வகுப்பில் ஒருநாளும் கேட்காதீர்கள். ஒரு பிள்ளையைக் கூனிக்குறுக வைத்துவிட்டு அங்கே இரக்கத்தைக் கற்பிக்க முடியாது.

கேள்வி: பிறந்தநாளுக்கு மகன் கிளி கேட்கிறான். வாங்கலாமா?

பதில்: கூடாது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாயம் பூசிய கோழிக்குஞ்சும் வேண்டாம். முட்டையிடாது என்று பொரிப்பகங்கள் கழித்துவிடும் சேவல் குஞ்சுகளே பெரும்பாலும் அப்படி விற்பனைக்கு வருகின்றன.

கேள்வி (பிளஸ் டூ மாணவி): அக்கா, நாயை அடித்தால் தண்டனை உண்டா?

பதில்: உண்டு. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் முன்னெடுத்த முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய். இன்னும் உயர்த்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு. கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. நீ நேரில் பார்த்தால், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடு.

கேள்வி: வெயிலுக்குப் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க எந்தப் பாத்திரம் நல்லது?

பதில்: ஆழமில்லாத மண்சட்டி, நிழலில். உள்ளே ஒரு கல் போடுங்கள், தேனீ உட்கார்ந்து குடிக்கும். கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பள்ளியில் வைப்பதானால் மே மாத விடுமுறையில் யார் ஊற்றுவது என்று ஏப்ரலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.