ஜாஸ் மறுவெளியீடுகளில் வரும் ‘இதுவரை வெளிவராத பதிவுகள்’ இத்தனை வருஷம் எங்கே இருந்தன? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பல நேரம் யாரோ ஒருவரின் வீட்டில், அல்லது யாரும் திறக்காத ஒரு பெட்டியில்.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழு 1963 மார்ச் 6 அன்று நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் ஓர் ஆல்பத்துக்காக வாசித்தது. இசைத்தட்டு நிறுவனமான இம்பல்ஸின் மூல நாடா தொலைந்துவிட்டது. ஆனால் வீட்டில் போட்டுக் கேட்பதற்காக எடுத்த மோனோ பிரதி ஒன்று, கோல்ட்ரேனின் முதல் மனைவி நைமாவின் குடும்பத்திடம் இருந்தது. 2018-ல் அதிலிருந்துதான் ஆல்பம் வந்தது. ஒரு குடும்பம் பத்திரமாக வைத்திருந்ததால் மட்டுமே நமக்குக் கிடைத்த இசை அது!

அதில் இரண்டு பாடல்களுக்குப் பெயரே கிடையாது, 11383, 11386 என்ற எண்கள்தான். தேடலுக்கு ஆதாரமே இந்த எண்கள். பதிவாகும் ஒவ்வொரு பாடலுக்கும் நிறுவனம் வரிசையாக எண் கொடுக்கும். வெளிவந்தவற்றோடு ஒப்பிட்டால் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் நாடாக் கிடங்கைத் தயாரிப்பாளர் மைக்கேல் கஸ்குனா 1970களில் துழாவியதும், அங்கே ஆல்பம் ஆல்பமாகக் கிடைத்ததும் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை.

சில சமயம் தற்செயலாகவும் அமையும். பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க், கோல்ட்ரேன் இருவரும் 1957-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் சேர்ந்து வாசித்த நாடா, 2005-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் டிஜிட்டல் ஆக்கும்போது அகப்பட்டது. ஒரு பெட்டியின் பின்புறம் ‘டி. மாங்க்’ என்று கையால் எழுதியிருந்தது.

சரி, வாங்கும்போது? மூல நாடாவிலிருந்து எடுத்ததா என்று முதலில் பாருங்கள். அட்டையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் நான் வாங்குவதில்லை.