பினாப்தலீன் இண்டிகேட்டர் (பிஹெச்ச பொறுத்து கலர் மாறுற பொருள்) ஏன் பிஹெச் 7ல மாறாம 8 தாண்டி பிங்க் ஆகுது? அப்போ டைட்ரேஷன் ரிசல்ட் தப்பா வராதா?

தப்பா வராது. ஆனா நல்ல கேள்வி, ஏன்னா நிறைய பேர் டைட்ரேஷன் (பேஸ கொஞ்சம் கொஞ்சமா விட்டு ஆசிட் எவ்வளவு இருக்குன்னு அளக்குறது) பண்ணி ரெக்கார்டு நோட்டும் எழுதி முடிச்சிடுவாங்க, இந்த சந்தேகம் அவங்களுக்கு வரவே வராது.

பிஹெச் 7 நடுநிலை, அதுக்கு கீழ ஆசிட், மேல பேஸ். நம்ம மனசுல இந்த 7ங்கிற நம்பர் உக்காந்துக்கிட்டதுக்கு லிட்மஸ் ஒரு முக்கிய காரணம்னு நினைக்கிறேன். லிட்மஸ் கிட்டத்தட்ட 5லேர்ந்து 8க்குள்ள கலர் மாறும், 7 அதுக்குள்ளயே வந்துடுது, அதனால ஆசிட்ல சிவப்பு பேஸ்ல நீலம்னு சொல்லிக் குடுத்தா பெரும்பாலும் ஒத்துப் போயிடும். அதே ரூல மத்த இண்டிகேட்டருக்கும் போட்டா தான் குழப்பம். பிஹெச் 5ல ஒரு கரைசல் இருக்குன்னு வைங்க, அது ஆசிட் தான், ஆனா அதுல மெத்தில் ஆரஞ்சு விட்டா சிவப்பு வராது, மஞ்சளா தான் நிக்கும், ஏன்னா மெத்தில் ஆரஞ்சு 3.1லேர்ந்து 4.4க்குள்ளயே மாறி முடிச்சிடும். அதே மாதிரி பிஹெச் 7.8ல இருக்குற கரைசல் லேசான பேஸ், அதுல பினாப்தலீன் விட்டா கலரே தெரியாது.

இதுக்கு காரணம் ஒண்ணு தான், இண்டிகேட்டரே ஒரு வீக் ஆசிட். கரைசல்ல ஹைட்ரஜன் அயான் நிறைய இருந்தா இண்டிகேட்டர் தன்னோட புரோட்டான விடாம வச்சுக்கும், குறைஞ்சா விட்டுடும். வச்சிருக்கும்போது ஒரு கலர், விட்டதுக்கப்புறம் வேற கலர். எந்த பிஹெச்ல சரிபாதி மூலக்கூறு புரோட்டான விட்டிருக்குமோ அந்த நம்பர் தான் அதோட பிகேஏ, அது அந்த மூலக்கூறோட அமைப்ப பொறுத்தது, தண்ணியோட நடுநிலை 7ங்கிறதுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. மெத்தில் ஆரஞ்சுக்கு அது 3.5 பக்கம், புரோமோதைமால் ப்ளூவுக்கு 7.1 பக்கம், பினாப்தலீனுக்கு 9க்கு மேல. அதனால எந்த இண்டிகேட்டரும் இது ஆசிட் இது பேஸ்னு சொல்றதில்ல, என் நம்பருக்கு மேலயா கீழயான்னு மட்டும் தான் சொல்லுது.

ஒரு புரோட்டான் போனா கலர் ஏன் மாறணும்னு கேட்டா, பினாப்தலீன்லயே அது அழகா தெரியும். ஆசிட்ல அந்த மூலக்கூறோட நடுவுல ஒரு கார்பன் இருக்கும், அத சுத்தி மூணு பென்சீன் வளையம், அந்த கார்பன்லயே ஒரு லாக்டோன் வளையமும் (ஆக்சிஜன் அணு சேர்ந்த வளையம்) மூடி இருக்கும். நடு கார்பன் நாலு பக்கமும் ஒத்தப் பிணைப்புல மாட்டிக்கிட்டிருக்கறதால ஒரு வளையத்தோட எலக்ட்ரான் அடுத்த வளையத்துக்கு போக வழி இல்ல, தனித்தனியா கிடக்கும். அப்படி இருக்குற வளையம் அல்ட்ரா வயலட்ட தான் உறிஞ்சும், நம்ம கண்ணுக்கு தெரியுற ஒளி எல்லாம் அப்படியே கடந்து போயிடும், அதனால கலர் இல்ல. பேஸ் சேர்த்து புரோட்டான் போனதும் லாக்டோன் வளையம் திறந்துக்கும், நடு கார்பன் தட்டையாகும், எலக்ட்ரானுக்கு வளையங்களுக்கு குறுக்க பரவ ஒரே பாதை கிடைச்சிடும். எலக்ட்ரான் பரவ பரவ அத மேல் நிலைக்கு தூக்க தேவைப்படுற எனர்ஜி குறையும், அதனால இப்போ 550 நானோமீட்டர் பக்கத்துல, அதாவது பச்சை ஒளிய உறிஞ்ச ஆரம்பிக்கும், மிச்சம் நம்ம கண்ணுக்கு பிங்க்கா வந்து சேருது.

இன்னொரு விஷயம், இந்த மாற்றம் சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே பிஹெச்ல நடக்காது. பிகேஏவுக்கு ஒரு யூனிட் கீழ இருந்தா பத்துக்கு ஒண்ணு தான் புரோட்டான் விட்ட வடிவம், ஒரு யூனிட் மேல போனா அப்படியே தலைகீழ். நம்ம கண்ணு ஏறத்தாழ இந்த பத்து மடங்கு வித்தியாசம் வந்தா தான் ஒரு கலர்னு ஒத்துக்கும், அதனால தான் புத்தகத்துல ஒரு ரேஞ்ச் போட்டிருக்கும், சுமாரா ரெண்டு யூனிட். புரோமோதைமால் ப்ளூ நடுவுல பச்சையா தெரியும்ல, அது மூணாவது வடிவம் இல்ல, மஞ்சளும் நீலமும் கலந்து இருக்கறது தான்.

அப்படினா டைட்ரேஷன்ல ஒரே சொட்டுல பட்டுன்னு மாறுதே? அங்க தான் உங்க கேள்விக்கு பதிலே இருக்கு. அந்த வேகம் இண்டிகேட்டரோடது இல்ல, கரைசலோடது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 25 மில்லி எடுத்து அதே 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு விடுறீங்க. 24.95 மில்லியில, அதாவது ஒரு சொட்டு பாக்கி இருக்கும்போது, பிஹெச் 4. ஒரு சொட்டு தாண்டி 25.05ல பிஹெச் 10. ரெண்டே சொட்டுல ஆறு யூனிட்! 7ல மாறுனாலும் 9ல மாறுனாலும் பியூரெட் (பேஸ விடுற அளவு குழாய்) ரீடிங்ல வித்தியாசம் ஒரு சொட்டு கூட வராது, 25 மில்லிக்கு ஒரு சொட்டுன்னா வெறும் 0.2 சதவீதம்.

வீக் ஆசிட் எடுத்தா தான் இண்டிகேட்டர் தேர்வு ரொம்ப முக்கியமாகுது. அசிட்டிக் ஆசிட்ட அதே அளவுல எடுத்து பண்ணா சமநிலை புள்ளி, அதாவது ஆசிட்டுக்கு சரியா ஈடான பேஸ் விட்டு முடிச்ச இடம், 8.7ல வரும், 7ல இல்ல, ஏன்னா ஆசிட் புரோட்டான விட்டதும் அங்க மிச்சம் இருக்குற அசிட்டேட் ஒரு வீக் பேஸ். பினாப்தலீன் அதுக்கு கச்சிதமா பொருந்தும், இங்க 7ல மாறுற இண்டிகேட்டர் போட்டா தான் சீக்கிரமே நிறுத்திடுவீங்க. மெத்தில் ஆரஞ்சு போட்டா இன்னும் மோசம், 25 மில்லி போக வேண்டிய இடத்துல 8 மில்லி போறதுக்குள்ளயே முழுசா மஞ்சளாயிடும், அதுவும் மெதுவா மாறும், எங்க நிறுத்துறதுன்னே தெரியாது.

லேப்ல பண்ணும்போது கவனிச்சு பாருங்க, எண்ட் பாயிண்ட் (கலர் மாறி நிறுத்த வேண்டிய இடம்) நெருங்கும்போது சொட்டு விழுற இடத்துல மட்டும் ஒரு பிங்க் இழை சுருண்டு இறங்கும், ஃப்ளாஸ்க்க ஒரு சுத்து சுத்துனா காணாம போயிடும். அந்த இடத்துல மட்டும் ஒரு நொடி பேஸ் அதிகமா இருந்துச்சு, கலந்ததும் ஆசிட் அத தின்னுடுச்சு, அவ்வளவு தான். அந்த இழை மறைய நேரம் ஆக ஆரம்பிச்சா பியூரெட் குழாய மூடி சொட்டு சொட்டா விடணும். இண்டிகேட்டர் ரெண்டு மூணு சொட்டுக்கு மேல வேண்டாம், கலர் நல்லா தெரியட்டும்னு அள்ளி ஊத்துறது ரொம்ப தப்பு, அதுவும் ஆசிட் தானே, கொஞ்சம் பேஸ அதுவே சாப்பிடும். பினாப்தலீனுக்கு ஒரு பக்கம் கலரே இல்லாததால அளவு கூடுனா பிங்க்கும் சீக்கிரமே கண்ணுக்கு தெரிஞ்சிடும்.

கடைசியா, வந்த பிங்க் கொஞ்ச நேரத்துல வெளுத்துப் போச்சுன்னா பயந்து இன்னும் பேஸ் விடாதீங்க. காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு பிஹெச்ச மறுபடி 8க்கு கீழ இறக்கிடும். சுத்துனதுக்கப்புறம் 30 செகண்ட் லேசான பிங்க் நின்னுச்சுன்னா போதும், ரீடிங் எடுத்துடலாம்.