பக்கச்சுவர் வெடித்துவிட்டது: பிரதேச சபையிடம் எதைக் கேட்பது?

கேள்வி: எங்கள் தோட்ட லய வீடுகளுக்கு மேலால் போகும் பாதைக்குப் பிரதேச சபை கொங்கிரீட் போட்டு, மண் சரியாமல் பக்கச்சுவரும் கட்டியது. விபரப் பலகை வைக்கவில்லை. முதல் மழைக்கே சுவரில் வெடிப்பு. செலவு எவ்வளவு, கொந்தராத்து யாருக்கு என்று கேட்டால், "வெளியாருக்குக் கொடுக்க முடியாது" என்கிறார்கள். சரியா?
- வாசகர், ஹட்டன்

பதில்: சரியில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபையையும் கட்டுப்படுத்தும்.

பலர் 9ஆம் பிரிவைக் காட்டிச் சபைக்கு எழுதுகிறார்கள். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாயைத் தாண்டும் திட்டத்தை 3 மாதம் முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கடமை அமைச்சருக்குரியது. நீங்கள் 24ஆம் பிரிவின்படி சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

"சுவர் ஏன் வெடித்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். விளக்கத்தைத் தட்டிக்கழிக்கலாம், கோப்பில் இருக்கும் தாளை அப்படிச் செய்வது கடினம். மதிப்பீடு, அளவைப் பட்டியல் (எந்த வேலை எவ்வளவு என்ற விபரம்), ஒப்பந்தம், வேலையை அளந்து எழுதிய தாள்கள், கொடுப்பனவு வவுச்சர்கள் ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். கிடைத்ததும் நாடாவோடு சுவரடிக்குப் போங்கள். நீளம், உயரம், தண்ணீர் வடியும் துளைகளின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். மலைநாட்டில் துளை குறைந்தாலோ அடைபட்டாலோ, ஊறிய மண்ணின் பாரமும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளிவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் தெரியும் குறையைக் கொந்தராத்துக்காரரே திருத்த வேண்டிய காலம்) எப்போது முடிகிறது, அதுவரை அவருக்குக் கொடுக்காமல் தடுத்துவைத்த பணம் விடுவிக்கப்பட்டதா? அந்தப் பணம் சபையின் கையில் இருக்கும்வரைதான் கொந்தராத்துக்காரரைத் திரும்ப அழைத்துத் திருத்த வைப்பது எளிது. ஆகவே தாமதிக்க வேண்டாம்.

தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, 14 நாளுக்குள் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் 3 வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.

சுவர் லயத்தின் பக்கம் சாய்ந்திருந்தால், உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். அத்தகைய கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தரவேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காக வீட்டுக்குள் காத்திருக்காதீர்கள். வெடிப்பு அகன்றாலோ அடியில் சேற்றுத்தண்ணீர் வந்தாலோ உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.