போனில் மட்டும் மேகம் கட்டம் கட்டமாகத் தெரிவது ஏன்?

கேள்வி: ஒற்றை வரி சைன் ஹேஷை (ஆயத்தொலைவிலிருந்து தற்செயல் போன்ற எண் தரும் சார்பு) வைத்து, ஃப்ராக்மென்ட் ஷேடரில் (ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் ஜிபியுவில் கணக்கிடும் நிரல்) நாய்ஸ் மேகம், அதாவது சீரான தற்செயல் வடிவங்களால் ஆன மேகம், வரைகிறேன். கணினியில் அழகாக ஓடுகிறது. போனில் கட்டமும் கோடுமாகத் தெரிகிறது. பத்து நிமிடம் ஓடவிட்டால் அசைவும் விட்டுவிட்டுத் தாவுகிறது. வேறு நாய்ஸுக்கு மாற வேண்டுமா?

பதில்: வேண்டாம். காலை வாருவது ஹேஷ்தான். சந்தேகமிருந்தால் ஹேஷின் விடையை மட்டும் நிறமாக வெளியே விட்டுப் பாருங்கள். திரை முழுக்கப் புள்ளி இரைச்சலாக இருக்க வேண்டும். போனில் பட்டை பட்டையாகவோ ஒரேயடியாகக் கறுப்பாகவோ வரும்.

காரணம் இதுதான். அந்த ஹேஷ் சைனை 43758.5453-ஆல் பெருக்கிவிட்டுப் பின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. போனில் மீடியம்பி (mediump, நடுத்தரத் துல்லியம்) என்று அறிவித்தால் பெரும்பாலும் 16 பிட் ஃப்ளோட்தான் (பின்ன எண் வகை) கிடைக்கும். அதில் 1024-ஐத் தொட்டாலே பின்னத்துக்கு இடமில்லை. 32768-க்கு மேல் எண்கள் 32, 32-ஆகத் தாவும். அப்புறம் பின்னம் எங்கிருந்து வரும்? கணினி ஜிபியுக்கள் பொதுவாக மீடியம்பியைக் கண்டுகொள்ளாமல் 32 பிட்டிலேயே கணக்குப் போடுவதால் அங்கே குறை தெரிவதில்லை.

சரி, ஹைபி (highp, உயர் துல்லியம்) போட்டால் போதுமா? பாதிதான் தீரும். சைனின் துல்லியம் ஜிபியுவுக்கு ஜிபியு வேறுபடும். அந்தச் சிறு பிசகு 43758 மடங்காகப் பெருகுகிறது. அதனால் வெப்ஜிஎல் 2 (உலாவியில் ஜிபியுவால் வரையும் வசதியின் இரண்டாம் பதிப்பு) கிடைத்தால் முழு எண் ஹேஷுக்கே போய்விடுங்கள். ஆயத்தொலைவை ஃப்ளோர் செய்து (கீழ் முழு எண்ணுக்கு இறக்கி), முதலில் இன்ட் (முழு எண்), பிறகு யூஇன்ட் (குறியில்லா முழு எண்) ஆக்குங்கள். எதிர்ம ஃப்ளோட்டை நேரே யூஇன்ட் ஆக்கினால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. பிறகு பெருக்கல், ஷிஃப்ட் (பிட்டுகளை நகர்த்தல்), எக்ஸ்ஓஆர் (XOR) என்று இரண்டு மூன்று சுற்று கலக்குங்கள். ஃப்ராக்மென்ட் ஷேடரில் இன்ட்டும் இயல்பாக மீடியம்பிதான், அதற்கும் ஹைபி என்று தனியாக அறிவிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெப்ஜிஎல் 1 என்றால் 256×256 தற்செயல் எண் டெக்ஸ்சர் ஒன்று போதும்.

அசைவு தாவுவதும் இதே கோளாறுதான். 16 பிட்டில் நேரம் 512 விநாடியைத் தாண்டியதும் அரை விநாடிக்கு ஒருமுறைதான் நகரும். நேரத்தை ஹைபியில் வாங்குங்கள். மேகம் நகரும் தூரத்தைச் சிபியுவிலேயே 256-க்குள் சுற்றிவிட்டு அனுப்பி, ஹேஷுக்குப் போகும் கட்ட எண்ணையும் 256-க்கு ஒருமுறை திரும்ப வைத்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது.

இவ்வளவு செய்தும் ஒளி விழும் இடங்களில் மட்டும் மெல்லிய கட்டக்கோடு தெரிந்தால், கட்ட மூலைகளின் மதிப்புகளைக் கலக்கும் வளைவைப் பாருங்கள் (t என்பது கட்டத்துக்குள் 0 முதல் 1 வரையிலான இடம்). அது 3t²−2t³ என்றிருந்தால் 6t⁵−15t⁴+10t³ என்று மாற்றுங்கள். கென் பெர்லின் 2002-இல் தம் நாய்ஸில் செய்த திருத்தம் இது: கட்ட எல்லையில் இரண்டாம் வகைக்கெழுவும் சுழியமாகிவிடுவதால் மடிப்பு தெரியாது.