செயலிக் கடைகளும் போட்டிச் சட்டமும்: கேள்வி பதில்

பிரிக்பீல்ட்ஸ் வீணை ஆசிரியை: பாடங்களை ஐபோன் செயலியில் போட்டு மாதம் 20 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சந்தா வாங்கப் போகிறேன். அதில் 30 விழுக்காட்டை ஆப்பிள் எடுத்துக்கொள்ளுமாமே?

பதில்: அவ்வளவு போகாது, அக்கா. ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் அமெரிக்க டாலருக்குள் இருந்தால் 15 விழுக்காடுதான். 20 வெள்ளியில் பிடிக்கும் 6 வெள்ளி 3 வெள்ளியாகும். ஆனால் அந்தச் சலுகைக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. அப்புறம், இந்தப் பிடித்தம் டிஜிட்டல் பொருளுக்கு மட்டும். செயலியில் நாசி லெமாக் வரவழைத்தால் கிடையாது. உங்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பதிவு செய்த பாடங்களுக்கு ஆப்பிள் வழியாகத்தான் காசு வாங்க வேண்டும். நேரலையில் ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் என்றால் வேறு வழியில் வாங்கலாம். அதே வகுப்பில் இரண்டாவது பிள்ளை சேர்ந்தால் அந்த விலக்கு போச்சு! விதியை எழுதியவர் பாட்டு வகுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை போலும்.

பட்டர்வொர்த் கிராப் ஓட்டுநர்: 2018-இல் ஊபரின் தொழிலை கிராப் வாங்கியபோது நம் மலேசியப் போட்டி ஆணையம் (மைசிசி) ஏன் தடுக்கவில்லை?

பதில்: சட்டத்தில் இடமில்லை, தம்பி. 2010 போட்டிச் சட்டம் நிறுவனங்களின் கூட்டுச் சதியைப் பிடிக்கும், ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பிடிக்கும். நிறுவனங்கள் இணைவதைத் தடுக்கும் அதிகாரத்தை அது மைசிசிக்குத் தரவில்லை. அதனால் மைசிசி சுற்றிவளைத்து வந்தது: போட்டியாளர்களின் விளம்பரத்தை ஓட்டுநர்கள் காட்டக்கூடாது என்று கிராப் கட்டுப்படுத்தியதாகச் சொல்லி, 2019 அக்டோபரில் 86.77 மில்லியன் வெள்ளி தண்டம் முன்மொழிந்தது. கிராப் நீதிமன்றம் போனது. சிங்கப்பூரோ 2018-லேயே இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 13 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி தண்டம் போட்டுவிட்டது. என்னைக் கேட்டால், வாங்கி முடித்தபின் எவ்வளவு தண்டம் போட்டாலும் உங்களுக்கு இன்னொரு செயலி கிடைக்கப் போவதில்லை.

செந்தூல் மாணவர்: பெரிதாக இருப்பதே குற்றமா?

பதில்: இல்லை. சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்தால் ஆதிக்கம் என்று மைசிசி பொதுவாகக் கருதும். அந்தப் பலத்தால் அடுத்தவர் வழியை அடைத்தால்தான் வழக்கு.

ஜார்ஜ்டவுன் வாசகர்: ஐரோப்பாவில் ஐபோனில் வேறு செயலிக் கடையும் வைக்கலாமாம். நமக்கு?

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால் 2024 மார்ச்சில் வந்தது; பினாங்கு வரை எட்டாது. பக்கத்தில் இந்தோனேசியா, கூகுள் பிளேயில் கூகுளின் கட்டண முறையையே கட்டாயமாக்கியதற்காக 2025 ஜனவரியில் 202.5 பில்லியன் ருப்பியா தண்டம் விதித்தது. இங்கே மைசிசி தன் டிஜிட்டல் பொருளாதார ஆய்வில் கைப்பேசி இயங்குதளத்தையும் கட்டண முறையையும் சேர்த்திருக்கிறது. ஆய்வு வேறு, சட்டம் வேறு. ஆண்ட்ராய்டு என்றால் வெளியிலிருந்தும் செயலி இறக்கலாம். ஆனால் வங்கிச் செயலி இருக்கும் போனில் தெரியாதவர் அனுப்பும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்பைத் தொடாதீர்கள்.