ஐந்தாவது கம்பி ஏன் தொளதொளக்கிறது?

சோமனூர் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வீட்டில் விசைத்தறி ஓடுதுங்க. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், நோம்பிக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். நாலு கம்பியிலிருந்து மாறி, போன மாதம் பழைய ஐந்து கம்பி பேஸ் ஒன்று வாங்கினேன். புதிதாகச் சேர்ந்த அடிக் கம்பியான பி மட்டும் தொளதொளவென்று கிடக்கிறது. முதல் நாலைந்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) இரைகிறது. பன்னிரண்டுக்கு மேலே போனால் சுருதி சேர்வதில்லை. இருப்பதிலேயே தடியான ஸ்ட்ரிங் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா? செட்டப்பை நானே செய்யலாமுங்களா?"

செய்யலாமுங்க, ஒரே ஒரு வேலையைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். தடி ஸ்ட்ரிங் மட்டும் இப்போது வேண்டாம். தறிக்காரருக்கு இழுவையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவு தொய்ந்து கிடக்கும்போது நாடாவை மாற்றி என்ன பிரயோசனம்?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பி கம்பி மற்றவற்றைவிடக் கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்கும். நான்கு கம்பியின் அடிக் கம்பியான ஈ நொடிக்கு 41 முறை அதிர்கிறது. பி சுமார் 31 முறைதான். கம்பியின் நீளமோ ஒன்றே, பெரும்பாலும் 34 அங்குலம். அதே நீளத்தில் அவ்வளவு மெதுவாக அதிர வேண்டுமென்றால் கம்பியின் கனத்தைக் கூட்ட வேண்டும், அல்லது இழுவையைக் குறைக்க வேண்டும். தயாரிப்பவர்கள் இரண்டையும் பாதிப் பாதி செய்கிறார்கள். 130 அளவுள்ள (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 130 பங்கு) பி கம்பியில் இழுவை ஏறக்குறைய 35 பவுண்டு. அதே பேஸின் 65 அளவு டி கம்பியில் 50 பவுண்டு. விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். 35 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள பேஸில் அதே கம்பி சுமார் ஆறு சதவீதம் கூடுதலாக விறைக்கும். அதற்காகவே சிலர் அதைத் தேடி வாங்குகிறார்கள். உங்களுடையது எது என்று நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளமிட்ட துண்டு) பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை டேப் வைத்து அளந்து, இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

ஆனாலும் மெல்லிசைக்காரருக்கு இந்தக் கம்பி பெரிய வரம். நான்கு கம்பியில் அடிச் சுரம் மூன்று கட்டையோடு (அதாவது ஈ) நின்றுவிடும். பாடகர் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் ஆரம்பித்தால் ஷட்ஜமத்தை மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்க வேண்டியதுதான். ஐந்து கம்பியில் பியின் முதல் ஃப்ரெட் ஒரு கட்டை, மூன்றாவது இரண்டு கட்டை. நீங்கள் அதிகம் புழங்கப்போகிற இடமே இரைச்சல் வருகிற இடம் என்பதால் இதைச் சரிசெய்யாமல் விட முடியாது.

ஸ்ட்ரிங் விஷயம் சுருக்கமானது. 45இல் தொடங்கி 130இல் முடிகிற நிக்கல் பூச்சு செட் வாங்குங்கள். டடாரியோ, எர்னி பால் இரண்டிலும் உண்டு. பாக்கெட்டில் லாங் ஸ்கேல் என்று இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளீரென்று பேசும், ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தின்னும். ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டைக் கம்பி சுற்றியது) பழைய பாட்டுகளுக்கு அமிர்தம், விரல் உராயும் சத்தமே வராது. என் காதுக்கு அதில் பி கம்பி மட்டும் மொத்தையாகக் கேட்கிறது. பியை மட்டும் தனியாக வேறு கம்பெனியில் வாங்கி ஒட்டுப்போடாதீர்கள். 125இலிருந்து 130க்குப் போனால் இழுவை ஏழெட்டு சதவீதம் கூடும், அது போதும். 135க்குப் போனால் நட்டின் பள்ளத்தில் கம்பி முழுதாக இறங்காமல் மேலேயே உட்காரலாம்.

மாட்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஐந்தையும் ஒரேயடியாக அவிழ்த்தால் நெக் (கிடாரின் கழுத்து) தன் இஷ்டத்துக்கு நகரும். வெட்டும் இடத்தில் நான் ஒருமுறை பட்டுத் தெளிந்தேன். கோபி பக்கம் ஒரு நோம்பிக் கச்சேரி, பொழுதோடு மேடை ஏற வேண்டும். அவசரத்தில் புது பி கம்பியை மடிக்காமல் கட்டிங் பிளேயரால் நறுக்கினேன். மேலே சுற்றியிருந்த கம்பி உள் கம்பியைவிட்டு நழுவிவிட்டது. புத்தம்புது கம்பி, தட்டினால் டொக்கென்று செத்த சத்தம். அன்று முழுக்க நான்கு கம்பியோடு ஓட்டினேன். அதனால், கம்பியை இழுத்துப் பிடித்து, சுருதி ஏற்றும் கீயைத் தாண்டி 12 சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் பிளேயரால் நேர்க்கோணமாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். நுனியைக் கீயின் குழிக்குள் இறக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே வருமாறு இரண்டு இரண்டரைச் சுற்று. அப்போதுதான் நட்டின் மேல் கம்பி அழுந்தி உட்காரும்.

அடுத்து வருவதைப் பலர் செய்வதே இல்லை. உங்கள் தொளதொளப்பில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். 130 கம்பி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடி. சாடிலை (உடல் பக்கம் கம்பி ஏறி உட்காரும் துண்டு) தாண்டும்போது டக்கென்று மடியாமல் பாலம் மாதிரி வளைந்து வரும். அப்படி வந்தால் அதிர்வு எங்கே தொடங்குகிறது என்று கம்பிக்கே தெரியாது. சுருதியேற்றிய பிறகு, சாடிலுக்கு ஒட்டி முன்பக்கம் கட்டைவிரலால் கம்பியை நன்றாகக் கீழே அழுத்துங்கள். நட்டுக்கு முன்னாலும் அதேபோல. சுருதி கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏற்றுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் சுருதிக் கோளாறுகூட இதிலேயே பாதி ஓடிவிடும்.

இனி நெக். முதல் நாலைந்து ஃப்ரெட்டில் மட்டும் இரைச்சல் என்றால், நெக் அளவுக்கு மீறி நேராக நிற்கிறது, அல்லது பின்னால் வளைந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். தடிக் கம்பி போட்டவர்கள் "சரியாயிடுச்சு" என்று சொல்வதும் இதனால்தான். கூடுதல் இழுவை நெக்கை முன்னால் வளைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அதே வேலையைக் காசில்லாமல், நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் செய்யும்.

அளப்பதற்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டும். கோயமுத்தூர் ஜில்லாவில் இதற்கா பஞ்சம்? எந்த லேத் பட்டறையிலும், பைக் மெக்கானிக்கிடமும் இருக்கும். பேஸை வாசிக்கும் நிலையிலேயே வைத்து, பி கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேருகிற இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். கம்பியே இப்போது மட்டப் பலகை. ஏழு, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.30 மில்லிமீட்டர் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். தகட்டைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இடைவெளியே இல்லையென்றால் ட்ரஸ் ராட் நட்டை இடப்பக்கம், கடிகார முள்ளுக்கு எதிராக, எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். இடைவெளி அதிகமென்றால் வலப்பக்கம் இறுக்குங்கள். இறுக்குமுன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. சரியான அளவு ஆலன் கீ அவசியம், தளர்ந்த கீ அந்தத் திருகு நட்டின் முனையை வழித்துவிடும். ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகவே மறுத்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

மரம் ஒரே நிலையில் நிற்காது. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும்போது ஒரு மாதிரி, ஐப்பசி மழையில் ஒரு மாதிரி, கத்திரி வெயிலில் வேறு மாதிரி. எந்தப் பக்கம் வளையும் என்பது நெக்குக்கு நெக் மாறும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை தகடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் மட்டும் பேஸை விட்டுவிடாதீர்கள்.

நெக் நின்ற பிறகுதான் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை, பி பக்கம் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியான ஜி பக்கம் 2. அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் போதும். இதைவிடத் தாழ்வாக வைத்து வேகமாக வாசிப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. மேடைச் சூட்டில் நீங்கள் ஓங்கி அடிப்பீர்கள், பி கம்பிக்கு ஆட இடம் வேண்டும். பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் பியை அழுத்தினால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டராவது இருக்கட்டும். நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, சுருதி ஆடும்.

சுருதிச் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுவது) ஒன்று, அழுத்தி ஒன்று. அழுத்தியது ஏறிக் காட்டினால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கிக் காட்டினால் முன்னால். போன் ஆப் மைக் வழியாகப் பியின் 31ஐப் பிடிக்கத் தடுமாறும். ஒயர் சொருகுகிற ட்யூனரில் பாருங்கள். அதுவும் அலைந்தால் ஹார்மோனிக்கை வைத்தே சுருதி சேருங்கள். சாடில் பின்னால் முட்டி நின்றும் ஏறிக்கொண்டே இருந்தால், சாடிலில் உட்காரும் பகுதி மெலிந்திருக்கும் டேப்பர் பி கம்பி என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைக்கத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம், திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு பிடி போதும். எண்ணெய் படாத பிடியாக எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றையும் அழுத்தாமல் வெறும் பியை மீட்டும்போது மட்டும் இரைந்தால், நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. நான் முதலில் சொன்ன அந்த ஒரு வேலை இதுதான். நட்டில் அரத்தை நீங்கள் வைக்காதீர்கள், கை பழகிய ஆளிடம் கொடுங்கள். கொடுக்கும்போது புதுக் கம்பி மாட்டியே கொடுங்கள். பழைய கம்பிக்கு அளவெடுத்துப் பள்ளம் போட்டால் புதுசு அதில் உட்காராது.