தே தாரிக் விரதம் (வாசகர் கடிதம்)

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். தோட்ட வாழ்க்கை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன், என்ஜினியர், வயது 43. சில மாதங்களாக வயிறு சரியில்லை. நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், உப்புசம், ஏப்பம். கேஸ்ட்ரிக்தான். தே தாரிக்கை, அதான் இழுத்து ஆற்றும் பால் டீயை, அடியோடு விட்டுவிட்டேன், காப்பியும் இல்லை. அப்படியும் சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எரிச்சல் எழுப்பிவிடுகிறது. இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கிவிடும். ஃபார்மசியில் அமிலம் குறைக்கும் ஒமெப்ரஸோல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு அல்கலைன் தண்ணீர் இயந்திரம் வாங்கியாயிற்று. காலையில் ஆப்பிள் சைடர் வினிகர்.

என் வருத்தம் வேறு. மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) எல்லோரும் தே தாரிக் சொல்லும்போது நான் மட்டும் 'ஆயர் சுவாம்', வெதுவெதுப்பான தண்ணீர், கேட்கிறேன், கேலி செய்கிறார்கள். தேத்தண்ணி நம் முன்னோர் தந்தது. அதை விடுவது என் அப்பாவையே விடுவது போலிருக்கிறது. ஓட் பாலில் அந்த ருசி வருமா? கஃபீன் நீக்கிய காப்பி வயிற்றுக்கு நல்லதா? இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். அம்மாவுக்கும் இதே வயிறுதான், கைப்பையில் எப்போதும் மாத்திரை வைத்திருப்பார்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உடம்பு பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான், வைத்தியம் படித்தவள் அல்ல. உங்களுக்கும் 'டாக்டரைப் பாருங்கள்' என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பேன். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, மூன்று மணிக்கு எழுப்பும் எரிச்சல், இரண்டு பிஸ்கட்டில் அடங்குவது. அதைப் படித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

தேத்தண்ணியை விட்டால் அப்பாவை விட்ட மாதிரி என்கிறீர்கள். நல்ல வசனம், மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். நம் பாட்டன்மார் கப்பல் ஏறிய காலத்தில் ஊரில் குடித்துக்கொண்டிருந்தது நீராகாரம். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் வெங்காயமும் சேர்த்துக் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்கள். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதே 1929இல்தான். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், காலையில் கொதித்தது காப்பி. முன்னோரை இழுக்காமல், 'எனக்குத் தே தாரிக் பிடிக்கும், அது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் போதும். அது ஒன்றும் சின்ன வருத்தம் இல்லை. சூடான கிளாஸைப் பிடித்துக்கொண்டு நாலு பேரோடு வெட்டிப்பேச்சு பேசுவதில் எவ்வளவோ இருக்கிறது. ஆயர் சுவாம் கேட்க வெட்கமாக இருந்தால் தே ஓ ஹாலியா கேளுங்கள், பால் இல்லாத இஞ்சித் தேத்தண்ணி, தண்ணியாக, சீனி குறைத்து. இஞ்சியும் எரித்தால் பார்லி. நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அதே மேசையில் இன்னும் ஒருத்தராவது சட்டைப்பையில் மாத்திரை வைத்துக்கொண்டுதான் சிரிப்பார்.

கஃபீன் நீக்கிய காப்பியும் வயிற்றில் அமிலத்தைச் சுரக்க வைக்கும். காப்பியில் கஃபீன் மட்டுமா இருக்கிறது? ஓட் பால் எனக்கு ருசிக்கவில்லை, உங்களுக்கு ருசிக்கலாம். பாலைச் சந்தேகப்படுவதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, பிள்ளைப் பருவம் தாண்டியதும் நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். டின் பாலிலும் அந்தச் சர்க்கரை உண்டு. ஆனால் அதனால் வருவது உப்புசம், காற்று, வயிற்றுப்போக்கு. விடியற்காலையில் எழுப்பி உட்கார வைக்கும் எரிச்சல் அதன் வேலை இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ரொட்டி சானாயைக் கறிக்குழம்பில் தொட்டுத் தின்றுவிட்டு உடனே படுக்கிறவரா நீங்கள்? அப்படியானால் புளித்துக்கொண்டு மேலே ஏறத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். பானங்களைப் பற்றி அவ்வளவுதான்.

ஏனென்றால் நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. தே தாரிக்கை விட்டாயிற்று, காப்பியை விட்டாயிற்று, எரிச்சல் மட்டும் விடவில்லை. திருடன் என்று ஒருத்தனைப் பிடித்து உள்ளே வைத்தாயிற்று. அவன் உள்ளேயே இருக்கிறான், ஊரில் திருட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. அப்புறமும் அவனையே முறைத்துக்கொண்டிருந்தால் எப்படி?

அந்த இயந்திரம் வேறு. வயிற்று அமிலத்தின் பிஎச் அளவு ஒன்று, இரண்டு என்று இருக்கும். ஒரு கிளாஸ் அல்கலைன் தண்ணீர் அங்கே போய் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும்? என்ஜினியருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? போதாததற்கு அதே வாயால் காலையில் வினிகர். அமிலத்தைத் தணிக்க ஆயிரக்கணக்கில் காசு, அமிலத்தை ஊற்ற இன்னொரு காசு. இரண்டையும் சொல்லிக்கொடுத்தது ஒரே வாட்ஸ்அப் குழுவாகத்தான் இருக்கும்.

பிஸ்கட்டுக்கு வருகிறேன்.

என் அம்மா கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். விடியுமுன்னே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அடுப்பு மூட்டி, ஒரு மங்கு வரக்காப்பி போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்காருவார். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த நம்மூர்க் காப்பித்தூள், துணிப்பையில் வடிகட்டியது. கறுப்பாக, கெட்டியாக இருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடக்கூடாது. அதன் பிறகு வெறும் வயிற்றோடு நிரைக்கு, மரவரிசைக்கு, போனால் வெட்டு முடிந்துதான் பசியாறுவார்.

பிறகு வயிறு எரிய ஆரம்பித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காப்பியை நிறுத்தச் சொன்னார், காரத்தை நிறுத்தச் சொன்னார், பாட்டிலில் வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்தார். அம்மா சொன்ன சொல் தட்டவில்லை. வரக்காப்பி போயிற்று, ஊறுகாய் போயிற்று, மிளகாய் போயிற்று, அவர் வைத்த குழம்பெல்லாம் எங்களுக்கும் சேர்த்து வெளுத்துப் போயிற்று. எரிச்சல் போகவில்லை. தலைமாட்டில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். நடுராத்திரியில் அதன் மூடி திறக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். 'உங்களை நினைச்சு நினைச்சுத்தான் வயிறு எரியுது' என்பார். நாங்களும் நம்பினோம். அந்தப் பயத்திலேயே ஒழுங்காகப் படித்தோம் என்பதும் உண்மைதான்.

அன்றைக்கு உலகத்தில் பெரிய டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலை, காரம், அமிலம் என்று. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்று இரண்டு மருத்துவர்கள், புண் உள்ளவர்களின் வயிற்றுச் சவ்வில் சுருள் சுருளாக ஒரு கிருமி இருப்பதைப் பார்த்தார்கள். 1982இல் அதை வளர்த்தும் காட்டினார்கள். அமிலத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று பலரும் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். வாய் வழியாகக் கேமராக் குழாயை, அதான் ஸ்கோப்பை, விட்டுப் பார்த்தால் நன்றாக இருந்த வயிற்றுச் சவ்வு அழன்று கிடந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. பானங்களைப் பற்றி என்னிடம் கேட்டீர்களே, வயிற்றின் பேரில் மனிதர்கள் குடித்தவற்றில் எனக்கு மரியாதை உள்ளது அந்த ஒன்றின் மேல்தான்.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். இந்தக் கிருமி நம் மலேசியாவில் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு. கிளந்தான் மலாய்க்காரர்களிடம் இருப்பது உலகத்திலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. அவர்களும்தான் சம்பல் தின்கிறார்கள், காப்பி குடிக்கிறார்கள். இது பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. நெருக்கமான வீடு, சுத்தமில்லாத தண்ணீர் என்றால் இன்னும் எளிது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுத்த லயங்களை நினைத்துப் பாருங்கள். நம் வயிற்றில் இருக்கும் வகை, இந்தியாவில் இருக்கும் வகையோடு ஒத்துப்போகிறது. முன்னோர் தந்தது என்று தேத்தண்ணியைச் சொன்னீர்கள். ரஜூலா கப்பலில் தகரப் பெட்டியோடு அவர்கள் கொண்டுவந்தது இதுவாகவும் இருக்கலாம்.

தொற்று உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை, பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் சிலருக்குப் புண் வரும், இன்னும் சிலருக்கு அதைவிட மோசமானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணங்களில் முதல் வகையில் சேர்த்துவிட்டது. அதனால்தான் 'கேஸ்ட்ரிக்தான்' என்று நீங்களே தீர்ப்பெழுதிக்கொண்டது எனக்குக் கோபம் வருகிறது. வயிறு காலியாகும்போது எரிந்து, எதையாவது தின்றால் அடங்குவது, அதுவும் நடுராத்திரியில், முன்சிறுகுடல் புண்ணின் பழைய அடையாளம். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் இல்லை என்று நீங்களும் சொல்ல முடியாது.

என் அம்மாவுக்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பினாங்கில் என் வீட்டில் இருந்தபோது, ஒரு நாள் கறுப்பாக வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்கோப், அதற்குப் பிறகுதான் புண்ணும் கிருமியும் தெரிந்தது. இரண்டு வகை ஆன்டிபயாடிக், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை, இரண்டு வாரம். வாயெல்லாம் கசக்கிறது என்று புலம்பிக்கொண்டே போட்டு முடித்தார். அடுத்த தீபாவளிக்குள் பிஸ்கட் டின்னில் பொத்தானும் ஊசி நூலும் குடியேறிவிட்டன. டாக்டர் அனுமதித்த பிறகு பாசார் தெருவில் காப்பித்தூள் வாங்கிவந்து வரக்காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, 'தூளு பத்தல' என்றார்.

தலைமயிர் கறுப்பாக இருந்தபோது விட்ட காப்பியை நரைத்த பிறகு குடித்தார். நடுவில் போன வருஷங்களுக்கு ஒரு பயனும் இல்லை. விட்டது ஒன்று, வியாதி வேறொன்று. விரதம் இருந்தால் எதுவும் சரியாகிவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. பிடித்ததை விட்டுக் கஷ்டப்படுவதே மருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட இதைவிட மரியாதையான சாக்கு கிடையாது. நீங்கள் செய்வதும் அதுதான் தம்பி.

ஆகவே கிளினிக்குக்குப் போய், பைலோரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூன்று மணி எரிச்சலையும் பிஸ்கட்டையும் மறக்காமல் சொல்லுங்கள். மலத்தைச் சோதிக்கலாம். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையும் உண்டு. யூரியா கலந்த ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அந்த யூரியாவை அது உடைக்கும், அதிலிருந்து வரும் கரியமில வாயு கொஞ்ச நேரத்தில் உங்கள் மூச்சில் தெரிந்துவிடும். ஸ்கோப் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். முக்கியமான ஒன்று: நீங்களே வாங்கிப் போடும் ஒமெப்ரஸோல் கிருமியை அடக்கி, சோதனையில் 'இல்லை' என்று பொய்யாகக் காட்ட வைக்கும். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து அது கூடாது. ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் நாலு வாரம் இடைவெளி வேண்டும். ஆனால் நிறுத்துவதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள். முட்டி வலி, முதுகு வலி என்று வலி மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், வயிற்றைப் புண்ணாக்குவதில் கிருமிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். மலம் ரோட்டில் போடும் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ இந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிருமி இல்லை என்று வந்தால் நல்லது, வேறு காரணத்தைத் தேடுவார்கள். இருந்தால் மாத்திரைகளை நடுவில் நிறுத்தாமல் முடியுங்கள். முடித்து ஒரு மாதம் கழித்து மறுபடியும் சோதித்து, போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை.

கடைசியில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒரே வீட்டில், ஒரே தட்டில் ஊட்டி வளர்த்தவர், அவருக்கும் இதே வயிறு. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'எனக்கென்ன, ரெண்டு மாத்திரை போட்டா சரியாப் போவுது' என்று கட்டாயம் சொல்வார். அதனால் காரில் ஏற்றி, கதவைச் சாத்திய பிறகு எங்கே போகிறோம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
டீச்சர்